நார்வே தந்த படகும் நீண்டகரை இறாலும்

இந்த எபிசோடில் நாம் போகப் போவது கேரளக் கடற்கரைக்கு. கொல்லத்துக்குச் சற்று வடக்கே, அஷ்டமுடிக் காயல் கடலில் கலக்கிற இடத்தில் நீண்டகரை, சக்திகுளங்கரை என்று இரண்டு ஊர்கள் இருக்கு. இந்தியாவின் நவீன மீன்பிடித் தொழிலைப் பற்றிப் பேசணும்னா இங்கிருந்துதான் தொடங்கணும்.

1952 அக்டோபரில் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை மூன்றும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. நார்வே அப்போ பெரிய பணக்கார நாடு இல்லை. உலகப் போரில் அடிபட்டு, அமெரிக்காவின் மார்ஷல் உதவியை வாங்கி எழுந்துகொண்டிருந்த நாடு. அந்த நாடு வெளிநாட்டில் எடுத்த முதல் வளர்ச்சித் திட்டம் இதுதான். 1953-இல் வேலை தொடங்கியபோது கேரளம் என்ற மாநிலமே பிறக்கவில்லை, அது திருவிதாங்கூர்-கொச்சி.

திட்டத்தின் நோக்கத்தைப் பார்த்தா குறை சொல்ல இடமே இல்லை. சாதாரண மீனவர் குடும்பத்தின் வருமானம் கூடணும், உடல்நலம் தேறணும், நல்ல தண்ணீர் கிடைக்கணும். அதனால ஒரு சுகாதார மையம், குடிநீர்க் குழாய், ஐஸ் தொழிற்சாலை, சின்ன டீசல் எஞ்சின் வைத்த படகுகள் எல்லாம் ஒன்றாக வந்தன.

முதலில், இருக்கிற வள்ளங்களிலேயே எஞ்சினைப் பொருத்தப் பார்த்தார்கள். சரிவரவில்லை. அலையைத் தாண்டி மணலில் இழுத்து ஏற்றுகிற படகுக்கும், அடியில் விசிறி சுற்றுகிற எஞ்சினுக்கும் ஒத்துப்போகாது. அப்புறம் புது வடிவத்தில் படகு கட்டினார்கள். அந்தப் படகை மணலில் ஏற்ற முடியாது, நிறுத்த ஒரு துறை வேணும். காயல் முகத்துவாரம் இருந்ததால நீண்டகரைக்கு அது வாய்த்தது. திறந்த கடற்கரையில் இருந்த நூற்றுக்கணக்கான ஊர்களுக்கு வாய்க்கவில்லை. என் வேலையில் இதை டிபென்டென்சி என்போம். ஒரு பொருளை மாற்றினால் அதுக்குக் கீழே இருக்கிற எல்லாத்தையும் மாற்ற வேண்டிவரும். அந்த வசதி இல்லாதவங்க வெளியே நின்றுவிடுவாங்க.

இந்த நேரத்தில் இன்னொரு கதை தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அதுவரை கேரளத்து இறாலைக் காயவைத்து பர்மாவுக்கு அனுப்புவார்கள். பெரிய விலை கிடையாது. 1953-இல் கொச்சியிலிருந்து உறையவைத்த இறால் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. பிறகு ஜப்பானும் வாங்க வந்தது. ஐஸ் இருக்கு, எஞ்சின் இருக்கு, டாலர் தருகிற சந்தையும் இருக்கு. மிச்சம் தேவைப்பட்டது, கடலடியில் கிடக்கும் இறாலை அள்ளுகிற வலை. அதுதான் இழுவை மடி. நீண்டகரைக்கு எதிரே இறால் குவியலாகக் கிடைக்குதுன்னு தெரிந்ததும் எல்லாம் மாறிப்போச்சு.

உள்ளூர் மக்களுக்குச் சாப்பிட மீன் தரணும்னு தொடங்கிய திட்டம், 1960-களில் ஏற்றுமதி இறால் தொழிலாக மாறியது. திட்டத்தின் மையமும் கொச்சிக்கு நகர்ந்தது. கண்ணூர், கார்வார், நம்ம மண்டபம் வரை அது விரிந்தது. பாக் நீரிணையில் விசைப்படகு பெருகிய கதையைப் பேசும்போது மண்டபத்துக்கு வந்த அந்தத் திட்டத்தையும் சேர்த்துத்தான் பேசணும். 1972-இல் எல்லாம் இந்திய அரசின் கைக்கு வந்தது.

லாபம் யாருக்குப் போச்சு? மீனவர்களில் கொஞ்சம் பேர் உண்மையிலேயே முன்னுக்கு வந்தாங்க, அதை மறுக்க முடியாது. ஆனால் படகு விலை ஏற ஏற, கடலில் கால் நனைக்காத முதலாளிகளும் உள்ளே வந்தாங்க. பெண்கள் கதையும் இரண்டு பக்கம் கொண்டது. கையால் வலை பின்னிச் சம்பாதித்தவங்களுக்கு, மெஷினில் பின்னிய நைலான் வலை வந்ததும் அந்த வேலை போச்சு. அதே சமயம் இறால் உரிப்பதிலும் வாங்கி விற்பதிலும் புது வருமானம் வந்தது. சக்திகுளங்கரைப் பெண்களைப் பற்றி லீலா குலாட்டி செய்த ஆய்வு இதை அழகாகப் பதிவு செய்திருக்கு.

பிரச்சினை வெடித்தது 1970-களில். இழுவை மடி கடலடியைச் சுரண்டிக்கொண்டே போகும். குஞ்சு, முட்டை, சினைமீன் எதையும் பிரித்துப் பார்க்காது. இறால் கரைக்குப் பக்கத்தில்தான் இருக்கும், வள்ளத்துக்காரர் வலை போடுவதும் அங்கேதான். வலைகள் அறுந்தன, கடலிலேயே அடிதடி நடந்தது. 1980-இல் கேரளம் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்து, கரையை ஒட்டிய கடலைச் சிறு மீனவர்களுக்கு ஒதுக்கியது. தமிழ்நாட்டில் 1983-இல் இதே மாதிரிச் சட்டம் வந்தது. கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் இழுவைப்படகு வரக்கூடாது என்று அப்போ விதி வந்தது.

சட்டம் மட்டும் போதவில்லை. மழைக்காலத்தில் பல மீன்கள் சினை விடும், அப்போதாவது இழுவையை நிறுத்துங்கன்னு மீனவர் சங்கங்கள் வருஷக்கணக்கில் போராடின. உண்ணாவிரதம், மறியல், ஒன்றன்பின் ஒன்றாக அரசுக் குழுக்கள். கடைசியில் 1988-இல் மழைக்கால இழுவைத் தடை வந்தது. படகு உரிமையாளர்கள் கோர்ட்டுக்குப் போனாங்க. 1994-இல் உச்ச நீதிமன்றம் தடை செல்லும் என்றது. இன்றைக்கும் ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை, 52 நாள் அது அமலில் இருக்கு.

இதில் யாரையும் வில்லன் ஆக்க முடியாது. போராடிய வள்ளத்துக்காரர்களே 1980-களில் வெளிப்பொருத்து எஞ்சின் வாங்கினாங்க, பெரிய சுருக்குவலைக்கு மாறினாங்க. பக்கத்துப் படகு வேகமாகப் போனால் நீங்களும் போய்த்தான் ஆகணும், இல்லைன்னா அன்றைக்கு அடுப்பு எரியாது. கடலுக்கு வேலி கிடையாது. தனி ஒருத்தர் மட்டும் வேகத்தைக் குறைத்தால் நஷ்டம் அவருக்கு மட்டும்தான். எல்லோரும் சேர்ந்து ஒரே நாளில் நிறுத்தினால்தான் கணக்கு சரியாகும். அதை நிறுத்தவைக்க எஞ்சின் வந்த பிறகு முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு.

தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. அந்த நாட்களில் மார்க்கெட்டில் மீன் விலை கேட்டு நமக்குத் தலை சுற்றும். அந்த விலைக்குப் பின்னால இவ்வளவு பெரிய சண்டை இருக்குன்னு வீட்டில் சொல்லுங்க. உங்க ஊர்க் கரையில் முதல் விசைப்படகு வந்த கதை தெரிந்த பெரியவங்க இருந்தா, அவங்ககிட்டக் கேட்டு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.