தமிழ் எழுத்துருக் குறியேற்ற மாற்றம்

தமிழ் எழுத்துருக் குறியேற்ற மாற்றம் என்பது, கணினியில் தமிழைத் தட்டச்சிட்டும் அச்சுக்கோத்தும் பிழைத்துவந்த தொழிற்சமூகம், நிறுவனத்துக்கு ஒன்றாக இருந்த எழுத்துக் குறியீடுகளைப் பெருமளவில் கைவிட்டு, 1990களின் இறுதி தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் ஒருங்குறி (யூனிகோடு) என்னும் பொதுத் தரத்துக்கு வந்து சேர்ந்ததைக் குறிக்கும். குறியேற்றம் என்பது ஒவ்வோர் எழுத்துக்கும் கணினி வைத்துக்கொள்ளும் எண். எழுத்துரு என்பது அந்த எண்ணுக்குத் திரையிலும் தாளிலும் தோன்றும் வடிவம். இந்த மாற்றத்தை முன்னின்று நடத்தியவர்களுக்குப் பயனர்களைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் எதுவும் இருக்கவில்லை. அரசாணை பிறந்தபோதும் அது அரசு அலுவலகங்களைத் தாண்டிச் செல்லவில்லை.

சிக்கலின் தன்மையைத் தாம்பரம், கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள் கோவில், செங்கல்பட்டு என சென்னைக்குத் தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியமைந்த டி.டி.பி. (கணினி அச்சுக்கோப்பு) கடைகளின் வேலையைக் கொண்டு விளக்கலாம். இத்தகைய கடைகளில் பரவலாகப் புழங்கிய பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களிலேயே தமிழ் வடிவங்களை ஏற்றிவைத்தது. அதன்படி ‘அம்மா’ என்னும் சொல், கணினியைப் பொறுத்தவரை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளே. பாமினி இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். அரசு அலுவலகங்களில் செல்வாக்குப் பெற்ற வானவில் எழுத்துருக்கள் வேறு வரிசையைக் கொண்டிருந்தன. கிரயப் பத்திரம் தட்டச்சிடுபவர் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதுவதில்லை. பழைய கோப்பைத் திறந்து பெயர்களையும் சர்வே எண்ணையும் செக்குபந்தியையும் (நிலத்தின் நான்கு எல்லை விவரம்) மாற்றிக்கொள்வதே வழக்கம். ஆகவே குறியேற்றம் மாறினால், பல ஆண்டுகளாகச் சேர்த்த கோப்புகள் ஒரே நாளில் பயனற்றுப் போகும் என்னும் அச்சம் இத்தொழிலில் நியாயமானதே. இதைப் பழமைப் பிடிவாதம் என்று தள்ளிவிட்ட சில வல்லுநர்களின் மதிப்பீடு பிழையானது.

பொதுத் தரத்துக்கான தேடல் தமிழ்நாட்டுக்கு வெளியேதான் சூடு பிடித்தது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று 1997இல் நடத்திய ‘தமிழ்நெட் 97’ கருத்தரங்கம், முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய மலேசியாவின் முத்து நெடுமாறன், மயிலை எழுத்துருவை வழங்கிய சுவிட்சர்லாந்துவாழ் கு. கல்யாணசுந்தரம் போன்றோர் தனித்தனியே செய்துவந்த வேலையை ஒரே விவாதத்துக்குள் கொண்டுவந்தது. அதைத் தொடர்ந்து தன்னார்வலர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்து வகுத்த டிஸ்கி, முதல் 128 இடங்களை ஆங்கிலத்துக்கும் எஞ்சியவற்றைத் தமிழுக்கும் ஒதுக்கிய இருமொழிக் குறியேற்றமாகும்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த ‘தமிழ்நெட் 99’ மாநாட்டை அடுத்து, தமிழ்நாடு அரசு டாம் (ஒருமொழி), டாப் (இருமொழி) என்னும் இரு குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரமாக ஏற்றது. விசைப்பலகை நிலைத்தது, குறியேற்றங்கள் நிலைக்கவில்லை. ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தது. விண்டோஸ் 2000 இயங்குதளம் லதா எழுத்துருவுடன் அதற்கு ஆதரவளித்தது. ஆகவே டாம், டாப் பரவத் தொடங்கும் முன்பே அவற்றின் காலம் முடியத் தொடங்கிவிட்டது என்றே கூற வேண்டும்.

2000 ஜூலையில் சிங்கப்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாட்டில் உருவான உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் (உத்தமம்), பணிக்குழுக்கள் அமைத்தும், கோலாலம்பூர், சென்னை, கொலோன் என ஊர் மாற்றி மாநாடு கூட்டியும் விவாதத்தைத் தொடர்ந்து நடத்தியது. எனினும் பயனரை உண்மையில் அக்கரை சேர்த்தவை தீர்மானங்களைவிடச் சிறு மென்பொருள்களே. முகுந்தராஜின் எ-கலப்பை, பயனரின் கணினியில் ஏற்கெனவே உள்ள மென்பொருளிலேயே தமிழைத் தட்டச்சிட வழிசெய்தது. சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் மாற்றி, பாமினி முதலிய பழைய குறியேற்றங்களில் இருந்த உரையை ஒட்டியதும் ஒருங்குறியாக்கித் தந்தது. தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டம் தன் மின்னூல்களைச் சில காலம் டிஸ்கியிலும் ஒருங்குறியிலும் இணையாக வெளியிட்டதும் இதே அணுகுமுறையே: பழையதைப் பூட்டாமல் புதியதைத் திறந்துவைத்தல்.

விரல்களின் பழக்கமும் தனியே கருதப்பட்டது. அரசு நடத்தும் இளநிலை, முதுநிலைத் தமிழ்த் தட்டச்சுத் தேர்வுகளுக்குப் பயின்றவர்கள் பழைய தட்டச்சுப்பொறி வரிசையிலேயே வேகம் பெற்றவர்கள். தமிழ்99 வரிசையோ உயிரெழுத்துகளை இடக்கைக்கும் மெய்களை வலக்கைக்கும் ஒதுக்கி, ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முதலாவதற்குத் தானே புள்ளி வைக்கும் வசதி கொண்டது. கற்க எளிது, ஆனால் ஏற்கெனவே கற்றதை மறப்பது கடினம். இதனால் என்.எச்.எம். ரைட்டர் போன்ற மென்பொருள்கள், உள்ளே ஒருங்குறியை உருவாக்கினாலும் வெளியே தமிழ்99, பழைய தட்டச்சு, பாமினி, ஒலிபெயர்ப்பு என எந்த வரிசையிலும் தட்டச்சிட இடம் தந்தன. மாற்றத்தின் வெற்றிக்கு இந்த விட்டுக்கொடுத்தலே பெருங்காரணம் எனலாம்.

கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு தொடங்கிய 2010 ஜூன் 23 அன்று வெளியான அரசாணை, ஒருங்குறியைத் தமிழ்நாட்டின் தரமாகவும் டேஸ்16 குறியேற்றத்தை மாற்றுத் தரமாகவும் அறிவித்தது. ஒருங்குறியில் ‘கொ’ என்பது ககரமும் துணைக்குறியும் சேர்ந்த இரு எண்கள். டேஸ்16இல் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி எண் உண்டு. அச்சகங்கள் ஒருங்குறிக்கு வரத் தாமதமானதற்குக் காரணம் இருந்தது: டி.டி.பி. கடைகளின் முதன்மைக் கருவியான பேஜ்மேக்கர் ஒருங்குறித் தமிழை ஏற்கவில்லை. அதன் வளர்ச்சியை அடோபி நிறுவனம் 2004இல் நிறுத்தியது. அதன் வழித்தோன்றலான இன்டிசைன் 2012இல் வெளியான சி.எஸ்.6 பதிப்பில்தான் இந்திய மொழிகளுக்கு உரிய ஆதரவைப் பெற்றது. கைபேசியும் தேடுபொறியும் பொதுப் பயனரை ஒருங்குறிக்குக் கொண்டுசென்ற பின்னரும், திருமண அழைப்பிதழும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியும் அடிக்கும் கடைகள் அலங்கார வடிவங்களுக்காகப் பழைய எழுத்துருக்களை வைத்துக்கொள்வதும், வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒருங்குறி வாசகத்தை மாற்றி வழியே பாமினிக்குத் திருப்பி அச்சுக்கு அனுப்புவதும் தொடர்கின்றன.