காசநோயைக் கண்டறிவதில் தாமதம் (இந்தியா)

நுரையீரல் காசநோயின் முதல் அறிகுறி தோன்றிய நாள் முதல் நோய் உறுதியாகும் நாள் வரை கழியும் காலமே கண்டறிதல் தாமதம் எனப்படுகிறது. இதை ஆய்வாளர்கள் இரு கூறாகப் பிரிப்பர். மருத்துவரை நாடும்வரை கழிவது நோயாளியின் தாமதம். நாடிய பிறகும் நோய் இன்னதென்று தெரியாமல் கழிவது மருத்துவத் தரப்பின் தாமதம். பொதுப்பேச்சில் பழி முதலாவதன் மேல்தான் விழுகிறது. அறியாமை, வெட்கம், ஊர் என்ன சொல்லுமோ என்ற அச்சம் எனக் காரணங்களும் அடுக்கப்படுகின்றன. ஆனால் இந்திய ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான மதிப்பீட்டின்படி, நோயாளி எடுத்துக்கொண்ட காலம் இடைநிலை அளவில் ஏறத்தாழ 18 நாள். மருத்துவத் தரப்பு எடுத்துக்கொண்டதோ 31 நாள். நோய் தெரிந்தபின் மருந்து தொடங்க இரண்டரை நாளே ஆயிற்று. ஆக, காலம் பெரிதும் கரைவது முதல் மருத்துவருக்கும் முதல் சளிப் பரிசோதனைக்கும் நடுவில்தான்.

இருமலோடு வருபவருக்கு முதலில் சிரப்பும் ஆன்டிபயாட்டிக்கும் கிடைக்கின்றன. ஃபுளோரோகுயினோலோன் வகை ஆன்டிபயாட்டிக்குகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கக்கூடியவை என்பதால், சில நாள் குணம் தெரியும்; அந்தப் பொய்த் தெளிவில் நோய் மறைந்துகொள்ளும். இருமல் திரும்பும்போது நோயாளி வேறு மருத்துவரிடம் போகிறார். அவர் கையில் பழைய சீட்டு இருக்காது. சிகிச்சை மறுபடியும் சிரப்பிலிருந்தே தொடங்கும். நோய் உறுதியாகுமுன் ஒருவர் சராசரியாக 2.7 பேரிடம் போகிறார் என்கிறது அதே மதிப்பீடு. இதை மருத்துவரின் அறியாமை என்று மட்டும் தள்ளிவிட முடியாது. நோயாளிபோல் நடிக்கப் பயிற்சி பெற்றவர்களை டெல்லியின் தனியார் மருத்துவர்களிடம் அனுப்பிச் செய்த ஆய்வு 2015-இல் வெளியானது. அதில் 250 சந்திப்புகளில் 52 மட்டுமே முறையாகக் கையாளப்பட்டன. தாளில் கேட்டபோது சரியாக விடை சொன்ன மருத்துவர்களே, ஆள் நேரில் வந்தபோது பரிசோதனைக்கு எழுதித்தரவில்லை. அரசு மையத்துக்கு அனுப்பினால் நோயாளியை இழப்போம் என்ற கணக்கும் இதில் உண்டு. அதை யாரும் உரக்கச் சொல்வதில்லை, அவ்வளவே.

தாமதம் பெரிதும் மருத்துவத் தரப்பில்தான் என்பதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்ப் பரவல் கணக்கெடுப்பில், அறிகுறி இருந்தவர்களில் 64 விழுக்காட்டினர் எந்தச் சிகிச்சையையும் நாடியிருக்கவில்லை. மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணிய ஆய்வுகள் இவர்களைக் கணக்கில் கொள்ளவில்லை என்பது நியாயமான குறைதான். ஆனால் எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறிகளை மட்டும் கேட்டிருந்தால் நோயாளிகளில் சுமார் 43 விழுக்காட்டினர் தப்பியிருப்பார்கள் என்பதையும் அதே கணக்கெடுப்பு காட்டியது. கேட்டுக் கண்டுபிடிக்கும் அளவுக்கு அறிகுறியே இல்லாதவரிடம் ஏன் வரவில்லை என்று கேட்பதில் பொருளில்லை. எக்ஸ்ரேதான் அவரைத் தேடிப் போக வேண்டும். நவீனக் கருவிகள் வந்தால் சிக்கல் தீரும் என்பது இன்னொரு வாதம். நுண்ணோக்கியில் கிருமி தென்பட ஒரு மில்லிலிட்டர் சளியில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் வரை இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2010-இல் ஏற்ற ஜீன்எக்ஸ்பெர்ட் அதைவிட மிகக் குறைவான கிருமிகளையும் இரண்டு மணி நேரத்துக்குள் காட்டிவிடும். கோவாவில் தயாராகும் ட்ரூநாட் சிறிய மையங்களிலும் இயங்கும். எனினும் யாராவது சளியை அனுப்பினால்தானே கருவிக்கு வேலை?

தாமதத்தின் விளைவை எதிர்கொள்ளத் தமிழ்நாடு 2022-இல் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கியது. நோய் உறுதியானவுடன் கடும் ஊட்டக்குறைவு, மூச்சுத்திணறல், துணையின்றி நிற்க முடியாமை ஆகியவை உள்ளனவா என்று பார்த்து, தேவைப்படுவோரை மருத்துவமனையில் சேர்ப்பது அதன் முறை. பயனுள்ள ஏற்பாடுதான்; ஆனால் நோய் உறுதியாவதற்கு முன் வீணான வாரங்களை அது மீட்டுத்தராது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்கு அரசு மருத்துவமனைகளில் சளிப் பரிசோதனை இலவசம். மருத்துவர் சொல்லாவிட்டாலும் நோயாளியே அதைக் கேட்டுப் பெறலாம்.