பக்கத்துக்கு 64 பைட்

போன மாதம் பையனுக்கு 8 ஜிபி லேப்டாப் வாங்கி, லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் திரும்பி வந்து நின்றான். "அப்பா, 7.6 தான் காட்டுது. கடைக்காரர் ஏமாத்திட்டாரா?"

பாவம், கடைக்காரர் மேல் தப்பில்லை. கிராஃபிக்ஸ் சிப்பு கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். இன்னும் கொஞ்சத்தைக் கெர்னல் தன் கணக்குப் புத்தகத்துக்கு என்று முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்ளும். அந்தக் கணக்குப் புத்தகத்தால் 2004ல் என் வேலையே போக இருந்தது. கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன், பொறுத்தருள்க.

கெர்னல் நினைவகத்தை 4096 பைட் கொண்ட பக்கங்களாக வெட்டி வைத்திருக்கிறது. ஒவ்வொரு பக்கமும் யாரிடம் இருக்கிறது, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எழுதி வைக்க, பக்கத்துக்கு ஒரு சின்னச் சீட்டு. அதன் பெயர் 'ஸ்ட்ரக்ட் பேஜ்'. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ல் ஹெல்சிங்கியில் இதை ஆரம்பித்தபோது அவர் பொட்டியில் இருந்தது 4 எம்பி. மொத்தமே 1024 பக்கம். சீட்டு பெரிதா சின்னதா என்று யார் பார்க்கப்போகிறார்கள்?

நான் புனே வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கல்யாணமாகி நாலு மாதம், ஹடப்சரில் ஒரு ரூம், ஒரு கிச்சன். நான் எழுதிய நிரல் ஒரு வாடிக்கையாளரின் 16 ஜிபி சர்வரில் ஓடிக்கொண்டிருந்தது. நடுராத்திரியில் கெர்னல் அதைக் கொன்றுபோடும். காரணம், நினைவகம் இல்லையாம். ஆனால் அந்த நேரத்தில் 9 ஜிபி சும்மா கிடக்கும்! "உன் கோடில்தான் எங்கோ லீக்" என்று மேனேஜர் தீர்ப்பு எழுதிவிட்டார். அப்ரைசலுக்கு இன்னும் மூன்று வாரம். பதினோரு நாள் என் கோடையே வரி வரியாகப் படித்தேன். தங்கமணி டப்பாவில் கட்டிக் கொடுத்த தயிர்சாதம் பல நாள் அப்படியே திரும்பிப் போனது.

பன்னிரண்டாம் நாள்தான் மெம்இன்ஃபோவில் 'லோஃப்ரீ' என்ற வரி கண்ணில் பட்டது. கிட்டத்தட்டப் பூஜ்யம்.

விஷயம் இதுதான். அது 32 பிட் பொட்டி. எவ்வளவு நினைவகம் செருகினாலும் கெர்னல் நேரடியாகத் தொடக்கூடியது முதல் 896 எம்பி மட்டுமே. அதன் சொந்தச் சாமான்கள் எல்லாம் அந்த ஒரு ரூமுக்குள் அடங்க வேண்டும். 16 ஜிபி என்றால் சுமார் 42 லட்சம் பக்கம். எங்கள் 2.4 கெர்னலில் சீட்டு சுமார் 48 பைட். ஆக 192 எம்பி சீட்டுக்கே போச்சு. மிச்சத்தைக் கோப்புகளின் கணக்கும் பக்க அட்டவணைகளும் தின்றுவிட்டன. வெளியே மைதானம் காலி, வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை. 64 ஜிபி போட்டிருந்தால் சீட்டே 768 எம்பி ஆகியிருக்கும்!

இதே தலைவலியோடு உலகம் முழுக்கப் பலர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள் என்பது தேட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. ஆரம்ப 2.4ல் ஒவ்வொரு சீட்டிலும் அந்தப் பக்கத்துக்காகக் காத்திருப்பவர்களின் வரிசை ஒன்று தனியாக இருந்தது. எந்த நேரத்திலும் விரல் விட்டு எண்ணக்கூடிய பக்கங்களுக்குத்தான் ஆள் காத்திருப்பார்கள், மற்றதெல்லாம் காலி நாற்காலி. வில்லியம் இர்வின் 2002ல் அதை எடுத்துவிட்டுப் பல பக்கங்களுக்குப் பொதுவான வரிசைகளை வைத்தார். அதே வருடம் மோம்சில் வெலிகோவும் கிறிஸ்டோஃப் ஹெல்விக்கும் கோப்புப் பக்கங்களைத் தேடும் முறையையே ரேடிக்ஸ் மரமாக மாற்ற, இரண்டு சுட்டிகள் மிச்சம், அதாவது 8 பைட். இப்படிக் கிள்ளிக் கிள்ளி, 2.6 வரிசைக் கெர்னல்களில் சீட்டு 32 பைட் அளவுக்கு இறங்கியது. எங்கள் கணக்கில் 64 எம்பி லாபம். பக்க அட்டவணைகளை மேல் நினைவகத்துக்குத் தள்ளும் வசதியும் அதில் இருந்தது. வாடிக்கையாளரைக் கெஞ்சி 2.6 ஏற்றினோம். அன்றிலிருந்து ராத்திரிக் கொலைகள் நின்றன. மேனேஜர் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்ரைசல் தாளில் 'லீக்' என்ற சொல் மட்டும் காணாமல் போயிருந்தது.

அதற்குப் பிறகு இந்த மாதிரிக் கைவேலைகளைத் தேடிப் படிப்பதே ஒரு பைத்தியமாகிவிட்டது. எனக்கு ரொம்பப் பிடித்தது 2006ல் டேவிட் உட்ஹவுஸ் செய்தது. சிவப்பு-கறுப்பு மரத்தில் ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு நிறம் உண்டு. சிவப்பா கறுப்பா என்று சொல்ல ஒரு பிட் போதும், ஆனால் அதற்கு ஒரு முழு இடம் ஒதுக்கியிருந்தார்கள். கணுக்களின் முகவரி எப்போதும் நாலால் வகுபடும், ஆகவே கடைசி இரண்டு பிட்டும் எப்போதும் பூஜ்யம். மனிதர் நிறத்தைத் தூக்கி, தாய்க் கணுவைக் காட்டும் சுட்டியின் அந்தக் காலி மூலையில் வைத்துவிட்டார். 64 பிட்டில் 32 பைட் கணு 24 ஆனது. லீவு முடிந்து கிளம்பும்போது அம்மா குக்கருக்குள் அப்பளக் கட்டைச் செருகி அனுப்புவாளே, அதே புத்தி.

பிரேசில்காரர் அர்னால்டோ கார்வால்ஹோ டி மெலோ எழுதிய 'பாஹோல்' என்ற கருவி இன்னும் வேடிக்கை. ஒரு பைட் எழுத்துக்குப் பக்கத்தில் எட்டு பைட் எண்ணை வைத்தால் நடுவில் ஏழு பைட் ஓட்டை விழும். எழுத்து, எண், எழுத்து, எண் என்று அடுக்கினால் 32 பைட். எண் இரண்டையும் முன்னால் வைத்தால் அதே சாமான் 24ல் அடங்கிவிடும். இந்த ஓட்டைகளையெல்லாம் இந்தக் கருவி காட்டிக்கொடுத்துவிடும்.

2003ல் ஆப்டரான் வந்து 64 பிட் பரவியதும் 896 எம்பிச் சுவர் இடிந்தது. ஆனால் சுட்டிகள் எட்டு பைட்டாக வீங்கி, சீட்டு 64 பைட் ஆனது. பக்கத்துக்கு 1.6 சதவீதம். பையனின் லேப்டாப்பில் 128 எம்பி. 1 டெராபைட் சர்வரில் 16 ஜிபி, அன்று நான் முட்டிக்கொண்ட பொட்டியின் மொத்த நினைவகமே அவ்வளவுதான்!

2021ல் 5.14 கெர்னலில் மூச்சுன் சாங் இதிலும் கை வைத்தார். 2 எம்பி பெரும்பக்கம் ஒன்றுக்கு 512 சீட்டு, அவை எட்டுப் பக்கத்தை அடைக்கும். பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லும். அவர் எட்டில் ஆறைத் திருப்பிக் கொடுத்தார், அடுத்து வந்த மாற்றத்தில் அது ஏழானது. இப்போது மேத்யூ வில்காக்ஸ் அந்த 64ஐ 8 பைட்டாக்கப் பார்க்கிறார்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது பையன் ஒன்றுதான் கேட்டான். "அப்போ 128 எம்பி சரி, மீதி எங்கப்பா போச்சு?" கிராஃபிக்ஸ் சிப்பின் பங்கைப் பார்க்க பயாஸைத் திறந்து உட்கார்ந்தோம்.