கௌரிபிதனூர் ரேடியோ ஹீலியோகிராஃப்

சூரியனை ரேடியோ அலைகளில் படம்பிடிக்கும் ஆண்டெனா வரிசை. பெங்களூருக்கு வடக்கே ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில், கர்நாடகத்தின் கௌரிபிதனூர் அருகே உள்ளது. இந்திய வானியற்பியல் நிறுவனம் 1997 முதல் இயக்குகிறது. ராட்சதக் கிண்ணம் எதுவும் இங்கு இல்லை. மொட்டைமாடி டிவி ஆண்டெனாவுக்கு உறவுமுறை சொல்லத்தக்க நூற்றுக்கணக்கான கம்பி ஆண்டெனாக்கள் ஆங்கில ‘T’ எழுத்து வடிவில் நிற்கின்றன.

இது ஏற்பவை 40 முதல் 120 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள். அடர்ந்த பிளாஸ்மா தாழ்ந்த அதிர்வெண்ணை வெளியே விடாது. அதனால் அதிர்வெண் குறையக் குறைய, அலை சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவின் மேலடுக்கிலிருந்து வருகிறது. கொரோனாவில் அதிர்ச்சி அலை மேலேறும்போது, அது எழுப்பும் ரேடியோ அலையின் அதிர்வெண் படிப்படியாக இறங்கும். இதுவே இரண்டாம் வகை ரேடியோ வெடிப்பு. கொரோனாவைக் காண முழுக் கிரகணத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே இந்த ஆண்டெனா வரிசையின் பெரும் வசதி.

தமிழ்நாட்டில் 1970-இல் எழுந்த 530 மீட்டர் நீள ஊட்டி ரேடியோ தொலைநோக்கியின் வழி வேறு: தொலைதூர ரேடியோ மூலங்கள் மினுங்குவதைக் கொண்டு அது சூரியக் காற்றை அளக்கிறது.