இரகசியக் குறியீடுகள்

இருவர் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்ட அடையாளங்களால் செய்தி சொல்வது குறியீடு. அந்த ஏற்பாடு மூன்றாமவருக்குத் தெரியாமல் காக்கப்படும்போது அது இரகசியக் குறியீடு ஆகிறது. ஒரு சொல்லுக்குப் பதிலாக வேறு சொல்லையோ எண்ணையோ வைப்பது ஒரு வகை. எழுத்துகளையே மாற்றிப்போடும் மறையெழுத்து இன்னொரு வகை. ஒவ்வொரு எழுத்துக்கு முன்னும் 'க' சேர்த்து 'கநீ கவா' என்று சிறுவர்கள் பேசும் 'க' பாஷையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

தமிழ் இலக்கணம் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறது: குழூஉக்குறி. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் விளங்கும்படி ஒரு பொருளின் பெயரை மாற்றிச் சொல்வது. நன்னூல் இதைக் கூறுகிறது. பொற்கொல்லர்கள் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர்கள் ஆடையைக் 'காரை' என்பதும் அதன் உரைகளில் வரும் எடுத்துக்காட்டுகள். கடையில் வாடிக்கையாளர் நிற்கும்போதே இரண்டு பொற்கொல்லர்கள் பொன்னைப் பற்றி அச்சமின்றிப் பேசிக்கொள்ள அந்த ஒரு சொல் போதும். நன்னூலைப் பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் என்ற சிற்றரசனின் வேண்டுகோளால் இயற்றினார். கல்வெட்டுகள் சீயகங்கனைக் குவளாலபுரத்துத் தலைவன் என்கின்றன. குவளாலபுரம் என்பது கோலார். பொன்னுக்கு இரகசியப் பெயர் உண்டென்று சொல்லும் இலக்கணம், தங்கவயல் இருக்கும் கோலாரைத் தன் பட்டப்பெயரில் கொண்டவனால் எழுந்தது என்பது தங்கவயல் பிள்ளைகள் பெருமையோடு தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

மறையெழுத்தின் பழைய முறை, ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலாக வரிசையில் அதற்குச் சற்றுத் தள்ளி நிற்கும் எழுத்தை எழுதுவது. ரோமாபுரியின் ஜூலியஸ் சீசர் மூன்று எழுத்துத் தள்ளி எழுதினார். க, ங, ச, ஞ என்ற நம் மெய்வரிசையில் ஓர் எழுத்து மட்டும் தள்ளினால் 'தங்கம்' என்பது 'நச்ஙய்' ஆகிவிடும். பார்ப்பதற்குப் பயங்கரமாக இருந்தாலும் இதை உடைப்பது எளிது. தமிழில் 'ங்' வந்தால் அடுத்து வருவது ஏறக்குறைய எப்போதும் 'க' வரிசைதான்: அங்கே, எங்கள், சங்கு, தங்கை. மறைத்து எழுதிய கடிதத்தில் 'ச்' வரும் இடமெல்லாம் பின்னால் 'ங' வந்தால், அந்த இரண்டும் எவை என்று ஊகித்துவிடலாம். அதன்பின் எத்தனை எழுத்து தள்ளியிருக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும். எழுத்துகள் எத்தனை தடவை வருகின்றன என்று எண்ணியே மறையெழுத்தை உடைக்கலாம் என்பதை 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத் அறிஞர் அல்-கிந்தி எழுதிவைத்தார். மொழிக்கு இருக்கும் பழக்கமே அதைக் காட்டிக்கொடுக்கிறது.

எல்லாக் குறியீடும் மறைப்பதற்கல்ல. தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டைப் பிள்ளைகளின் தாத்தாமார் பலருடைய உயிரைக் காத்தது சுரங்க மணி. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் பொறுப்பேற்ற கோலார் தங்கச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 வரை நடந்தன. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமுடையது. அங்கிருந்து கத்தினால் மேலே கேட்காது. அதனால் கூண்டில் ஆட்களை ஏற்றி இறக்கும் எஞ்சின் ஓட்டுநருக்கு மணியடித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. இந்தியச் சுரங்கங்களில் ஓடும் கூண்டை நிறுத்த ஒரு மணி, இறக்க இரண்டு, ஆட்கள் ஏறப்போகிறார்கள் என்றால் மூன்று. இந்த விதிகள் அனைவர் கண்ணிலும் படும்படி எழுதி மாட்டப்படும். ஒருவர் தவறாக எண்ணினாலும் உயிர் போகும் இடத்தில் இரகசியம் ஆகாது.

போர்க்களத்தில் நிலைமை தலைகீழ். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியக் கடற்படை ஒவ்வொரு சொல்லுக்கும் ஐந்து இலக்க எண் ஒன்றை வைத்திருந்தது. அதன்மேல் இன்னொரு புத்தகத்திலிருந்து எண்களை எடுத்துக் கூட்டி அனுப்பியது. ஆனால் மூல எண்கள் எல்லாம் மூன்றால் மீதியின்றி வகுபட்டன. அனுப்பும்போது பிழை நேர்ந்தால் கண்டுபிடிப்பதற்காகச் செய்த ஏற்பாடு, உடைப்பவர்களுக்கும் கைகொடுத்தது. 1942இன் தொடக்கத்தில் கொழும்பில் ஒரு பள்ளிக் கட்டடத்தில் இயங்கிய பிரிட்டிஷ் குழு இந்தச் செய்திகளைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தது. அவற்றில், ஜப்பானியர் தாக்கவிருந்த ஊரின் பெயர் குறியெழுத்துகளுக்குள் ஒளிந்திருந்தது. ஒரு செய்தியில் மட்டும் அந்தப் பெயர் ஜப்பானிய அசைகளில் அப்படியே வந்தது: கோ-ரோ-ன்-போ. தங்கள் ஊர்தான் குறி என்று படித்தவர்களுக்கு விளங்கிவிட்டது. எச்சரிக்கை கிடைத்ததால் ஏப்ரல் 5ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறன்று விமானங்கள் வந்தபோது கொழும்புத் துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் வெளியேறிவிட்டிருந்தன. ஆயினும் கடலில் சென்றுகொண்டிருந்த டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரண்டு போர்க்கப்பல்கள் அன்றே மூழ்கடிக்கப்பட்டன. செய்தியைப் படித்துவிட்டால் மட்டும் எல்லோரையும் காப்பாற்ற முடிவதில்லை.

அந்தக் குழு பிறகு கென்யாவுக்குப் போய், 1943இல் கொழும்புக்கே திரும்பியது. அதே போர்க்காலத்தில் ஜப்பானிய வானொலிச் செய்திகளைக் கேட்டுப் பதிவுசெய்ய டெல்லியில் இருந்த பிரிட்டிஷ் நிலையத்தின் கிளை ஒன்று பெங்களூரில் இருந்தது. தங்கவயலிலிருந்து அது சுமார் 100 கிலோமீட்டர் தொலைவு.