சிரைப்புண்ணும் அழுத்தக் கட்டும்

அழுத்தக் கட்டு என்பது கணுக்காலை ஒட்டித் தோன்றும் ஆறாத சிரைப்புண்ணைக் குணப்படுத்த, பாதத்தில் தொடங்கி முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை துணிப்பட்டையை அளவான இறுக்கத்துடன் சுற்றும் சிகிச்சை முறை ஆகும். பல நூற்றாண்டுகளாகப் பயன்பட்டுவரும் இம்முறையே இன்றும் இப்புண்ணுக்குரிய அடிப்படை மருத்துவமாக உள்ளது. மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தால்தான் ஆறும் என்று கருதப்பட்ட புண்ணை, நடமாடிக்கொண்டே ஆற்றிக்கொள்ள வழி செய்தது இதன் தனிச்சிறப்பு. அன்றாடம் உழைத்துப் பிழைப்பவர்களுக்கு இவ்வேறுபாடு வாழ்வாதாரத்தைப் பற்றியது.

புண் உண்டாகும் விதம்

காலிலிருந்து இரத்தத்தை இதயத்துக்கு மேலேற்றுபவை சிரைகள். கெண்டைக்கால் தசை சுருங்கும்போது இரத்தம் மேலே தள்ளப்படுகிறது. அது மீண்டும் கீழிறங்காதபடி சிரைகளின் உள்ளே உள்ள வால்வுகள் தடுக்கின்றன. இவ்வால்வுகள் பழுதடைந்தால் இரத்தம் கீழே தேங்கி, கணுக்காலைச் சுற்றி அழுத்தம் கூடுகிறது. கால் வீங்கும், தோல் கறுத்துத் தடிக்கும், சிறு கீறலும் ஆறாத புண்ணாக மாறும். நெடுநேரம் நின்றபடி செய்யும் வேலை, உடற்பருமன், முன்பு ஏற்பட்ட இரத்தக்கட்டு ஆகியன இதற்கான வாய்ப்பை அதிகரிக்கின்றன.

வெளியிலிருந்து கட்டு அழுத்தும்போது விரிந்த சிரைகள் குறுகுகின்றன, வீக்கம் வடிகிறது, நடக்கும்போது தசையின் தள்ளுவிசை வீணாகாமல் இரத்தம் மேலேறுகிறது. அழுத்தம் கணுக்காலில் மிகுந்தும் மேலே போகப் போகக் குறைந்தும் இருக்க வேண்டும்.

தொடக்க காலம்

காலில் புண் உள்ளவர் நிற்பது நல்லதன்று என்பதைக் கிரேக்க மருத்துவரான இப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்கள் குறிப்பிட்டுள்ளன. இந்தியாவில் சுசுருத சம்கிதை 14 வகைக் கட்டுகளை விவரிப்பதுடன், புண்ணுக்குரிய 60 சிகிச்சை முறைகளுள் கட்டுதலையும் ஒன்றாக வைத்துள்ளது.

பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புருவாசு பாரே 1553இல் எதின் கோட்டை முற்றுகையின்போது எதிரிப்படையிடம் சிறைப்பட்டார். அப்படையின் பிரபு ஒருவருக்கு நெடுங்காலமாகக் காலில் ஆறாத புண் இருந்தது. பாரே அதற்கு மருந்திட்டு, பாதத்திலிருந்து முழங்கால்வரை கட்டுப்போட்டுச் சிகிச்சை அளித்தார். அதற்கு ஈடாக, மீட்புப்பணம் ஏதுமின்றி விடுதலை பெற்றார்.

காரணம் விளங்கியது பின்னரே. பாப்ரிசியசு 1603இல் சிரை வால்வுகளை விவரித்தார். அவருடைய மாணவர் வில்லியம் ஆர்வி 1628இல் இரத்த ஓட்டத்தை விளக்கினார். 1676இல் இங்கிலாந்து அரச மருத்துவர் ரிச்சர்டு வைசுமன், இத்தகைய புண்களைப் புடைத்த சிரைகளோடு தொடர்புபடுத்தினார். கயிறு கோத்து இறுக்கும் தோல் காலுறையையும் அவர் பரிந்துரைத்தார்.

படுக்கையிலிருந்து நடைக்கு

1797இல் பிரிசுட்டல் நகர மருத்துவர் தாமசு பேயின்டன், ஒட்டுப் பட்டைகளைக் காலைச் சுற்றி இறுக்கி ஒட்டும் முறையை வெளியிட்டார். நோயாளிகள் படுத்திருக்கத் தேவையில்லை, வழக்கம்போல் நடக்கலாம் என்பதை அவர் வலியுறுத்தினார். மருத்துவமனைப் படுக்கைகளை ஆண்டுக்கணக்கில் நிரப்பிய கூலித் தொழிலாளர்களுக்கு இது பெரிய மாற்றம்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செருமானியத் தோல் மருத்துவர் பவுல் உன்னா, துத்தநாகப் பசை தோய்த்த கட்டை அறிமுகம் செய்தார். அது இன்றும் 'உன்னா பூட்' என்றே வழங்குகிறது. சிரை நோயால் தாமே அவதிப்பட்ட பொறியாளர் கான்ராடு சோப்சுட்டு, நீச்சல் குளத்தில் நிற்கும்போது வலி குறைவதை உணர்ந்தார். ஆழத்தில் நீரின் அழுத்தம் கூடுதல் என்பதை அடிப்படையாகக் கொண்டு, அடியில் இறுக்கமும் மேலே தளர்வும் உள்ள காலுறையை 1950 அளவில் உருவாக்கினார்.

1980களில் இலண்டன் சாரிங் கிராசு மருத்துவமனை நான்கு அடுக்குக் கட்டை வகுத்தது. பஞ்சு, கிரேப் துணி, மீள்துணி, தன்னொட்டுத் துணி ஆகியவை அடுத்தடுத்துச் சுற்றப்பட்டு, கணுக்காலில் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் தருகின்றன. 1988இல் வெளியான ஆய்வில், பிற சிகிச்சைக்கு ஆறாத 148 புண்களுள் 110 புண்கள் 12 வாரங்களுக்குள் ஆறின.

புதுச்சேரிச் சூழல்

புதுச்சேரியில் பிரெஞ்சு அரசு 1823இல் மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது. பிரெஞ்சு ஆட்சி விலகிய பின் அது 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகவும், 1964இல் ஜிப்மராகவும் வளர்ந்தது. ஆனால் இப்பகுதியில் வீங்கிய கால் என்றதும் நினைவுக்கு வந்தது யானைக்கால் நோயே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975இல் இங்கு நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தை நிறுவியது. 1981 முதல் 1985 வரை நகரில் ஒருங்கிணைந்த கொசுக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை அம்மையம் நடத்தியது.

யானைக்கால் வீக்கத்துக்குக் காரணம் கொசுவால் பரவும் புழு நிணநீர்க் குழாய்களைச் சிதைப்பது. சிரைப்புண்ணுக்குக் காரணம் வால்வுப் பழுது. முன்னதைக் கொசு ஒழிப்பால் தடுக்கலாம். பின்னதை அப்படித் தடுக்க இயலாது. ஆயினும் இரண்டிலும் காலைத் தூய்மையாகக் கழுவி உலர்த்துதல், உயர்த்தி வைத்தல், அழுத்தக் கட்டு ஆகியவை பயன்படுகின்றன. கேரளத்தின் காசர்கோட்டில் 1999இல் தொடங்கப்பட்ட பயன்பாட்டுத் தோல் மருத்துவ நிறுவனம், யானைக்கால் வீக்கத்துக்கு ஆயுர்வேதம், யோகாசனம் ஆகியவற்றுடன் அழுத்தக் கட்டையும் இணைத்துச் சிகிச்சை அளித்துவருகிறது.

நகரின் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றுக் கழிமுகத்தில் உள்ள தேங்காய்த்திட்டில் அலையாத்தி மரங்களும் மீன்பிடித் துறைமுகமும் உள்ளன. மீன் இறக்குதல், தரம் பிரித்தல் போன்ற துறைமுக வேலைகளில் நிற்பதும் ஈரமும் தவிர்க்க முடியாதவை. அத்தகைய வேலையில் இருப்பவருக்கு "ஓய்வெடுங்கள்" என்ற அறிவுரை கூலியை இழக்கச் சொல்வதாகும். கட்டோடு நடக்கலாம் என்பது அவருக்கு உதவும். ஆனால் கட்டு நனைந்தால் இறுக்கம் மாறும், தோல் ஊறும் என்பதால் உடனே மாற்ற வேண்டியிருக்கும். வெப்பமும் வியர்வையும் பலரைக் கட்டை இடையில் கைவிடச் செய்கின்றன.

எச்சரிக்கையும் எல்லையும்

எல்லாக் கால்புண்ணும் சிரைப்புண் அன்று. தமனி அடைப்பு உள்ள காலில் இறுக்கிக் கட்டினால் இரத்தம் மேலும் குறைந்து, காலையே இழக்க நேரிடலாம். எனவே கணுக்கால், கை ஆகியவற்றின் இரத்த அழுத்தங்களை ஒப்பிட்டு முதலில் சோதிப்பர். அவ்விகிதம் 0.8க்குக் குறைந்தால் முழு அழுத்தக் கட்டு தவிர்க்கப்படும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இவ்விகிதம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதால் கூடுதல் கவனம் தேவை. கட்டிய பின் விரல்கள் நீலம் பூத்தாலோ, மரத்துப்போனாலோ, வலி மிகுந்தாலோ உடனே அவிழ்த்துவிட்டு மருத்துவரைக் காண வேண்டும்.

கட்டு புண்ணை ஆற்றும். பழுதடைந்த வால்வைச் சீராக்காது. இங்கிலாந்தில் நடந்த ஆய்வொன்று 2004இல் வெளியானது. கட்டு மட்டும் பெற்றவர்களில் 28 விழுக்காட்டினருக்கு ஓராண்டில் புண் திரும்ப வந்தது. அறுவையும் சேர்த்துப் பெற்றவர்களில் அது 12 விழுக்காடாக இருந்தது. பழுதான சிரையைத் தொடக்கத்திலேயே அடைத்துவிட்டால் புண் விரைவில் ஆறுகிறது என்பதை 2018இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. ஆறும் இடைநிலைக் காலம் 82 நாள்களிலிருந்து 56 நாள்களாகக் குறைந்தது. இவ்விரு ஆய்வுகளிலும் எல்லா நோயாளிகளுக்கும் அழுத்தக் கட்டு தொடர்ந்து அளிக்கப்பட்டது. புண் ஆறிய பின்னும் அழுத்தக் காலுறையை நாள்தோறும் அணிவதே மீண்டும் புண் வராமல் காக்கும் வழியாகப் பரிந்துரைக்கப்படுகிறது.