சலுகைக்கு எத்தனை வயசு?

2022 ஜூன் கடைசியில ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாய். ஆறு மாசத்துக்கு முன்னால அது 177. கல்முனைக்குடியில நாங்களும் இரவு பகலா வரிசையில நின்டோம். அப்போ ஒரு கேள்வி வந்தது: பெற்றோல் குடிக்காத கார் நம்மட நாட்டுக்கு வரவே இல்லையா?

வந்தது. 2014, 2015 காலத்தில் ஜப்பானில் பாவித்த நிஸ்ஸான் லீஃப் மின்சாரக் கார்கள் ஆயிரக்கணக்கில் இறங்கின. காரணம், வரி குறைவு. 2015 நவம்பர் வரவுசெலவுத் திட்டம் அந்த வரியைப் பெரிதாகக் கூட்டியது; இறக்குமதி படுத்துவிட்டது. 2020 மார்ச்சில், டொலர் தட்டுப்பாட்டால் வாகன இறக்குமதியே நிறுத்தப்பட்டது.

2022 செப்டம்பரில் கதவு கொஞ்சம் திறந்தது. வெளிநாட்டில் உழைப்பவர்கள் வங்கி வழியாக அனுப்பும் காசில் பாதிப் பெறுமதிக்கு மின்சார வாகனம் இறக்கலாம் என்றார்கள். கட்டார், சவூதி என்று ஆட்கள் போயிருக்கும் நம்மட ஊருக்கு இது பெரிய செய்தி. ஆனால் அரசுக்கு அப்போது வேண்டியிருந்தது புகையில்லாத வண்டி இல்ல, டொலர்.

கூரைச் சூரிய மின்சாரத்தின் கதை வேறு. 2016 செப்டம்பரில் தொடங்கிய 'சூரிய பல சங்கிராமய' திட்டத்தில், வீட்டுக்காரர் விற்கும் ஒரு யுனிட்டுக்கு முதல் 7 வருசம் 22 ரூபாய், அடுத்த 13 வருசம் 15.50 ரூபாய் என்று எழுதிக் கொடுத்தார்கள். 20 வருசக் கணக்கு கையில இருந்ததால சனம் கடன் எடுத்தும் தகடு போட்டது. இன்று நாட்டின் கூரைகளில் ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் நிற்கிறது.

நோர்வேயும் இதைத்தான் செய்தது. 1990இல் மின்சாரக் காருக்கு இறக்குமதி வரியை நீக்கி, 2001இல் பெறுமதி சேர் வரியையும் எடுத்து, பல வருசம் விடாமல் நின்றது. 2024இல் அங்கே விற்ற புதுக் கார் பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது மின்சாரக் கார். எண்ணெய் விற்கும் பணக்கார நாடு அது, உண்மைதான். ஆனாலும் வருசத்துக்கு வருசம் மாறாத சட்டம் எழுத எண்ணெய்க் கிணறு தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேணும். சுவரோடு சுவர் ஒட்டிய நம்மட வளவுகளில் கூரை சின்னது. வாடகை வீட்டில் இருப்பவருக்குக் கூரையே சொந்தமில்லை. கார் வாங்க முடியாதவருக்குக் கார் வரியைக் குறைத்து என்ன பலன்? அடுத்த சலுகை அறிவிக்கும்போது நாம கேட்க வேண்டியது ரெண்டு: எத்தனை வருசத்துக்கு? ஆட்டோ ஓட்டுறவருக்கும் வாடகை வீட்டுக்காரருக்கும் அதில் என்ன இருக்கு?